வாடை திரும்புவதற்குள்: ராமநாதபுரம் கடற்கரைக்குப் புதிதாகக் குடிவருபவர்களுக்கு ஒரு மழைக்கால வழிகாட்டி

வேலை மாற்றலில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் மே, ஜூன் மாதத்தில்தான் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிறார்கள். அப்போது பார்த்தால் காய்ந்த கண்மாய், சீமைக்கருவேலம், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தண்ணீருக்குப் போகும் பெண்கள். இந்த ஊரில் மழைக்கு என்ன பயம் என்றுதான் தோன்றும். ஆனால் இந்த மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டரைத் தாண்டிப் பெய்தது.

நாங்கள் மண்டபம் என்ற இந்தக் கடற்கரை ஊருக்கு வந்த முதல் மழைக்காலத்தில் வீட்டுக்குள் காய்ச்சல், வெளியே புயல், கூடத்தில் படம் தெரியாத டிவி என்று மூன்றும் ஒன்றாக வந்து சேர்ந்தன. சர்க்கரை நோயுள்ள மாமியார், பள்ளிக்கூடம் போகும் பெண், வேலைக்குப் போகும் இரண்டு பேர் உள்ள வீடு எங்களுடையது. உங்கள் வீடும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கீழே உள்ளவற்றில் முதல் மூன்றையும் புரட்டாசி முடிவதற்குள், அதாவது அக்டோபர் நடுவுக்குள், முடித்துவிடுங்கள். ஐப்பசியில் தொடங்கினால் ஒன்றும் நகராது. கிராம நிர்வாக அலுவலர் புயல் பணியில் இருப்பார், சர்வர் வேலை செய்யாது, கொத்தனார் கிடைக்கமாட்டார்.

1. வீடு: சுவரைப் பாருங்கள், தரகரைக் கேட்காதீர்கள்

எங்களுக்கு வீடு பிடித்துக்கொடுத்த தரகர் "இங்க தண்ணியே நிக்காதுங்க" என்றார். பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டபோது, முழங்கால் அளவுக்கு நின்றதாகத் தன் சுவரில் இருந்த கறையைத் தொட்டுக் காட்டினார். ஆகவே வீடு பார்க்கப் போகும்போது வெள்ளையடித்த முன்சுவரை விட்டுவிட்டு, பின்பக்கம், கழிவறைப் பக்கம், மாடிப்படிக்கு அடியில் பாருங்கள். பழைய நீர்க்கறை அங்கேதான் தப்பித்து நிற்கும்.

தெருவை விட வாசல் குறைந்தது இரண்டு படியாவது உயர்ந்திருக்க வேண்டும். தரைத்தொட்டி இருந்தால் அது செப்டிக் டேங்குக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் பெருமழையில் ஒன்றின் தண்ணீர் இன்னொன்றில் கலக்கும், அந்த வீடு வேண்டாம். மாடியில் தகரக் கொட்டகை போட்டிருந்தால் கொக்கிகளை ஆட்டிப் பாருங்கள். கடற்காற்றில் ஆணி, போல்ட் எல்லாம் உள்ளுக்குள் உளுத்துப்போயிருக்கும், வெளியே மட்டும் முழுசாகத் தெரியும்.

மண்டபம், பாம்பன் பக்கம் வீடு பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே வடகடல், தென்கடல் என்று இரண்டு கடல். வடகடல் பாக் விரிகுடாப் பக்கம், தென்கடல் மன்னார் வளைகுடாப் பக்கம். வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் பக்கம்தான் அலையும் காற்றும் அதிகம். ஆடியில் இது தலைகீழாக மாறும். வடக்குப் பார்த்த ஜன்னலுக்குக் கதவு சரியாகப் பொருந்துகிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அடைத்துத் திறந்து பாருங்கள்.

2. காகிதங்கள்

இதுதான் அதிகம் இழுத்தடிக்கும். வரிசையாகச் சொல்கிறேன்.

ரேஷன் அட்டை. வேறு மாவட்டத்து அட்டையாக இருந்தாலும் இங்குள்ள கடையில் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம், 2020 முதல் அந்த வசதி உண்டு. அதை நம்பி முகவரி மாற்றத்தை ஆறப்போட்டுவிடாதீர்கள். புயல், வெள்ள நிவாரணம் என்று அரசு பணம் கொடுத்தால் அது பெரும்பாலும் அட்டை எந்தக் கடையில் பதிவாகியிருக்கிறதோ அந்தக் கணக்கில்தான் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குச் சென்னையில் 6,000 ரூபாய் கொடுத்ததும் ரேஷன் கடை வழியாகத்தான். முகவரி மாற்றத்தை உணவுப் பொருள் வழங்கல் துறையின் இணையதளத்தில் நீங்களே செய்யலாம், அல்லது இ-சேவை மையத்தில் செய்யலாம். கேஸ் இணைப்புச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் போன்ற ஒரு முகவரிச் சான்று கேட்பார்கள். வாடகை ஒப்பந்தத்தை முதல் வாரத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். வீட்டுக்காரர் "அதுக்கென்ன அவசரம்" என்பார். அவருக்கு அவசரமில்லைதான்.

ஆதார் முகவரி. மையத்தில் போய் மாற்றினால் 2025 அக்டோபரிலிருந்து கட்டணம் 75 ரூபாய். ரசீதைக் கேட்டு வாங்குங்கள், அதில் உள்ள எண்ணை வைத்துத்தான் பின்னால் நிலவரம் பார்க்க முடியும்.

காப்பீடு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ரேஷன் அட்டை, எல்லோருடைய ஆதார், வருமானச் சான்று வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவையில் 60 ரூபாய். மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படிப்படியாகத் தாலுகா அலுவலகம் போய்ச் சேர வேண்டும். வெயில் காலத்திலேயே ஒரு வாரம், பத்து நாள் ஆகும். மழையில் எவ்வளவு ஆகும் என்று நானே சொல்லத் தேவையில்லை. சான்று கைக்கு வந்ததும் ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. சந்தேகத்துக்கு 1800 425 3993 என்ற இலவச எண். பெயர் ரேஷன் அட்டையில் இருப்பவர்களுக்குத்தான் இது செல்லும் என்பதால் குழந்தையின் பெயரை இன்னும் சேர்க்காமல் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

தனியார் காப்பீடு எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விபத்தைத் தவிர மற்ற நோய்களுக்கு முதல் 30 நாள் காத்திருப்புக் காலம் உண்டு. செப்டம்பரில் எடுத்தால்தான் தீபாவளிக் காய்ச்சலுக்கு அது உதவும்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்கியாயிற்றா என்று பாருங்கள். அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்று வாங்குவது பெரும்பாடு. பிரசவ தேதி புயல் எச்சரிக்கையை ஒட்டி வந்தால் கிராம செவிலியரே முன்கூட்டி மருத்துவமனையில் சேரச் சொல்வார். "வலி வரட்டும் பார்ப்போம்" என்று சொல்லாமல் கிளம்பிவிடுங்கள்.

எல்லா அசலையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். ஒவ்வொன்றையும் செல்லில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பு எண்ணையும் கூடவே எழுதி வையுங்கள். அது வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், கரண்ட் போன ராத்திரியில் அவர் போனை எடுக்கமாட்டார்.

3. தண்ணீர்: சேமிக்காமலும் முடியாது, திறந்து வைக்கவும் முடியாது

இந்தக் கடற்கரையில் காய்ச்சலின் கதை தண்ணீர்த் தொட்டியில்தான் தொடங்குகிறது. காவிரி கூட்டுக் குடிநீர் எல்லாத் தெருவுக்கும் தினமும் வராது. நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. அதனால் டிரம், அண்டா, குடம், சின்டெக்ஸ் என்று எதில் முடியுமோ அதில் பிடித்து வைப்பது இங்கே பழக்கம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியதும் அதுதான். சாக்கடையை அது தேடாது, தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில் கடிக்கும். முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாள் போதும். பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் மலேரியாவுக்கும் பெயர் உண்டு. அதைப் பரப்பும் கொசுவும் கிணறு, மேல்தொட்டித் தண்ணீரில் வளர்வதுதான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி எல்லாப் பாத்திரத்தையும் காலி செய்யுங்கள். எங்கள் வீட்டில் அது வியாழக்கிழமை, எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும் நாளுக்கு முந்தைய நாள். வெறுமனே கவிழ்த்தால் பயனில்லை. டிரம்மின் உள்விளிம்பில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கறுப்புப் பொடி தூவியதுபோல் முட்டைகள் ஒட்டியிருக்கும். தண்ணீர் காய்ந்து மாதக்கணக்கில் ஆனாலும் அவை சாகாது, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். தேங்காய் நாரும் சோப்புத்தூளும் போட்டு அந்த விளிம்பைச் சுற்றி அழுத்தித் தேயுங்கள்.

டிரம்முக்குத் தட்டு மூடி போதாது, இடுக்கு வழியாகக் கொசு போய்விடும். பழைய வேட்டித் துணியை வாயில் கட்டி, சைக்கிள் டியூபை அறுத்து வளையமாக மாட்டுங்கள். செலவே இல்லை. சின்டெக்ஸ் மூடி காற்றில் பறந்துவிடும் என்பதால் கம்பி போட்டுக் கட்ட வேண்டும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தண்ணீர்த் தட்டு, மாடியில் கிடக்கும் டயர், தேங்காய் ஓடு, இவற்றை மறக்க வேண்டாம்.

டெங்கு தடுப்புப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்த்து, கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றுவார்கள். சிலர் கதவைத் திறப்பதில்லை. திறந்து விடுங்கள். புழு இருந்தால் அபராதம் போடவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு, அது வேறு விஷயம். குடிக்கும் தண்ணீரைத் தனிப் பாத்திரத்தில் வைத்துக்கொண்டு மற்றதில் ஊற்றச் சொல்லுங்கள். குடிப்பதற்கு, அது கேன் தண்ணீரே ஆனாலும், மழைக்காலத்தில் கொதிக்க வைத்து ஆறவைத்தே குடியுங்கள்.

4. காய்ச்சல் வந்தால்: தேதியை எழுதுங்கள்

காய்ச்சல் தொடங்கிய தேதியையும் நேரத்தையும் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் எழுதுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனாவது நாள்?" என்பதுதான். வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்வோம். டெங்குவுக்கு எந்தப் பரிசோதனை என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது. முதல் ஐந்து நாளுக்குள் என்றால் என்.எஸ்.1, அதற்குப் பிறகு என்றால் ஐ.ஜி.எம். நாள் மாறிப் பரிசோதித்தால் "இல்லை" என்று வந்து நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுவோம், நோய் உள்ளே இருக்கும்.

முதலில் போக வேண்டியது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். மலேரியாவுக்கு ரத்தத் தடவல் அங்கேயே இலவசமாக எடுப்பார்கள். பெரிய இடம் வேண்டுமென்றால் ராமேஸ்வரத்தில் அரசு மருத்துவமனை உண்டு, அதற்கும் மேல் என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. டெங்குவுக்கு எலிசா பரிசோதனை அரசு மருத்துவமனையில் காசில்லாமல் நடக்கும். தனியார் ஆய்வகத்தில் கார்டு பரிசோதனையும் ரத்த அணு எண்ணிக்கையும் சேர்த்துப் பார்த்தால் ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும், இடத்துக்கு இடம் மாறும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். ராத்திரியில் வாடகைக் கார் என்றால் கேட்கிற காசுதான், அதிலும் மழை பெய்துவிட்டால் பேரமே கிடையாது. ஆகவே காலையிலேயே போங்கள். நிலைமை மோசமென்றால் 108. ஆலோசனைக்கு மட்டும் என்றால் 104.

மாத்திரை விஷயத்தில் ஒரே விதி. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், அதுவும் எடைக்குத் தகுந்த அளவு. உடம்பு வலிக்கிறது என்று புரூஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் எதையும் மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை அது கூட்டிவிடும். "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர், காலைல வேலைக்குப் போகணும்" என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்தக் காலத்தில் அதைக் கேட்கவே வேண்டாம். நிலவேம்புக் குடிநீர் அரசு முகாம்களிலேயே கொடுப்பார்கள், குடிப்பவர்கள் குடிக்கட்டும். ஆனால் அதைக் குடித்தோமே என்று பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பப்பாளி இலைச் சாறும் அப்படித்தான்.

இப்போது மிக முக்கியமான இடம். டெங்குவில் மூன்றாவது நாளுக்கு மேல் காய்ச்சல் சட்டென்று இறங்கும். பிள்ளை எழுந்து உட்காரும், டிவி போடச் சொல்லும். எல்லோரும் மூச்சு விடுவோம். ஆபத்தான நேரம் அப்போதுதான் தொடங்குகிறது, அடுத்த ஒன்றிரண்டு நாளைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். விடாத வயிற்றுவலி, அடிக்கடி வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிட்டுப் போவது, காரணமில்லாத தூக்கம், ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் போகாமல் இருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. தட்டணுக்கள் எவ்வளவு என்று ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு சொந்தக்காரர்கள் போன் மேல் போன் போடுவார்கள். மருத்துவர்கள் பி.சி.வி. என்ற இன்னொரு எண்ணையும் பார்க்கிறார்கள், ரத்தம் கெட்டியாகிறதா என்பது அதில்தான் தெரியும்.

நீராகாரம் நிறையக் கொடுங்கள். கஞ்சித்தண்ணீர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் எதுவானாலும் சரி. பாக்கெட் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. காய்ச்சல்காரர் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வேண்டும். அவரைக் கடித்த கொசுதான் அடுத்து உங்களைக் கடிக்கும்.

டெங்கு இல்லை என்று வந்தும் காய்ச்சல் விடவில்லையா? வெள்ளத் தண்ணீரில் நடந்தீர்களா என்று யோசியுங்கள், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அக்குள், இடுப்பு மடிப்பில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருந்தால் உண்ணிக்காய்ச்சல். அது வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாது. குளிப்பாட்டுகிறவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் மருந்து உண்டு, சீக்கிரம் தொடங்கினால் சரியாகிவிடும்.

பெரியவர்களின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தின் ஊழியரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கு: பயன்பாட்டில் உள்ள குப்பி சுமார் நான்கு வாரம் ஃபிரிட்ஜுக்கு வெளியே இருக்கலாம். திறக்காத குப்பியைக் கரண்ட் போனால் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஈரமண் பானைக்குள் வைக்கலாம்.

சேர்க்கும் நிலை வந்தால் டிஸ்சார்ஜ் சுருக்கம், அசல் பில்கள், மருந்துச்சீட்டு ஒட்டிய மருந்துக்கடை பில், ஆய்வக முடிவுகள் எல்லாவற்றையும் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். நாங்கள் பார்த்த ஒரு தனியார் இடத்தில் "அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். அடுத்த வாரம் போனால் கம்ப்யூட்டர் பழுது. காப்பீட்டுப் பணம் அதனாலேயே தள்ளிப்போனது.

5. புயல் செய்தியைப் புரிந்துகொள்வது

பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி வரும். 1, 2 என்றால் புயல் தூரக் கடலில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசலாம். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. இதில் பலர் நினைப்பதுபோல் 6 என்பது 5-ஐ விடக் கொடியது என்று அர்த்தமில்லை. புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதுதான் அந்த இரண்டுக்கும் வித்தியாசம். 7, 10 இரண்டும் துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடப்பது.

வானிலை மையத்தின் நிறங்களில் மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயல்படு. ஆரஞ்சு வந்த அன்றே கேஸ், பெட்ரோல், பணம் மூன்றையும் முடித்துவிடுங்கள். சிவப்பு வந்தால் பெட்ரோல் பங்கில் வரிசை தெருவுக்கு வந்துவிடும். டவர் விழுந்தால் யு.பி.ஐ. வேலை செய்யாது, ஐம்பதும் நூறுமாகச் சில்லறை வைத்திருங்கள்.

இன்னொரு அளவுகோல் துறைமுகத்திலேயே உண்டு. மீன்வளத் துறை மீனவர்களுக்குக் கடலுக்குப் போவதற்கான டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிட்டால் அது விளையாட்டுச் செய்தியில்லை. எங்கள் தெருவில் படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், டிவி பார்க்கவே மாட்டார். "வாடை நின்னு கொண்டல் ஏறுதா பாருங்க, அப்புறம் செய்தி பாருங்க" என்பார். வாடை வடக்கிலிருந்து வரும் காற்று, கொண்டல் கிழக்கிலிருந்து வருவது. காற்றை மோந்து சொல்லும் அந்தத் திறமை நமக்குக் கிடையாது என்பதால் டிஎன் அலர்ட் செயலியைச் செல்லில் போட்டுக்கொள்ளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070.

6. டிவி

சிரிக்காதீர்கள், இது அத்தியாவசியப் பொருள்தான். நான்கு நாள் பள்ளிக்கூடம் லீவு, வெளியே போக முடியாது, ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்குச் சீரியல். டிவி ஓடவில்லை என்றால் வீடு நரகம்.

கேபிள் என்றால் மாதம் 200 முதல் 300 ரூபாய்க்குள் முடியும். மழையில் படம் கெடாது, ஆனால் மரம் விழுந்து கம்பி அறுந்தால் அவர்கள் வந்து கட்டும்வரை ஒன்றுமில்லை. டிஷ் என்றால் நேர்மாறு. கம்பி கிடையாது, ஆனால் கனமழை மேகம் வந்தால் சிக்னல் போய்விடும். முதலில் குரல் விக்கும், அப்புறம் படம் சதுரம் சதுரமாக உடையும், அப்புறம் நீலத்திரை. மழை குறைந்தால் தானாக வரும், அதற்காக ரீசார்ஜ் செய்யவோ ஆளைக் கூப்பிடவோ வேண்டாம். எங்கள் தீர்மானம் இரண்டும் வைத்துக்கொள்வது. கேபிளோடு ஒரு டிடி ஃப்ரீ டிஷ். ஒருமுறை சுமார் 2,000 ரூபாய் செலவழித்தால் மாதக் கட்டணமே இல்லை, டிடி தமிழ் அதில் வரும்.

டிஷ்ஷைக் கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் மாட்ட விடாதீர்கள், காற்றுக்கு எடுத்துக்கொடுத்ததுபோல் ஆகிவிடும். மாடித்தரையில், படிக்கட்டுச் சுவர் மறைவில் வைக்கச் சொல்லுங்கள். நட்டுகளுக்குக் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். ஒரே வருஷத்தில் அவை வெள்ளைப் பொடி பூத்து, ஸ்பேனரை வைத்தால் உதிர்ந்துவிடும். இடி இடித்தால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளையும் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வரலாம்.

செய்திச் சேனல்களைப் பற்றி: பழைய புயலின் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். காய்ச்சல்காரரை அதன் முன்னால் உட்கார வைக்காதீர்கள், பயமே நோயாகிவிடும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வானிலை அறிவிப்பைக் கேட்டால் போதும். பள்ளி விடுமுறைக்கு ஆட்சியர் அறிவிப்பை மட்டும் நம்புங்கள். வாட்ஸப்பில் வருவது போன வருஷத்துத் தேதியாக இருக்கும். திரைக்கு அடியில் ஓடும் எழுத்தில் "ரா" என்று பார்த்ததும் துள்ளாதீர்கள், முழுப் பெயரும் வரட்டும். "ராணி" என்று தொடங்கினால் அது ராணிப்பேட்டை, பிள்ளைகள் அதையும் நமக்குத்தான் என்று சாதிப்பார்கள்.

கரண்ட் இல்லாதபோது பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று வேண்டும். பாம்பனிலிருந்து வரும் கடல் ஓசை 90.4 மீனவர்களுக்கான சமுதாய வானொலி, அந்தச் சுற்றுவட்டாரத்தில் எடுக்கும். முள்ளைத் திருப்பினால் இலங்கை நிலையங்களும் தெளிவாகக் கேட்கும். பாட்டுக்கு நல்லது, வானிலைக்கு அவர்கள் ஊர் நிலவரத்தைத்தான் சொல்வார்கள்.

7. கரண்ட்

கடற்காற்றின் உப்பு மின்கம்பத்தின் பீங்கான் குமிழ்களில் படிந்திருக்கும். முதல் தூறல் விழுந்து அது ஈரமானதும் பொறி பறந்து லைன் டிரிப் ஆகும். ஆகவே பெருமழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, சாரலுக்கே போகும். புகாருக்கு 94987 94987, மின் இணைப்பு எண்ணைச் சொல்ல வேண்டும். இன்வெர்ட்டரும் பேட்டரியும் சேர்ந்து இருபதாயிரம் ரூபாயை ஒட்டி ஆகும். பேட்டரி முனைகளில் வாசலைன் தடவி வையுங்கள். அவ்வளவு முடியாதென்றால் இரண்டு சார்ஜ் விளக்கு, ஒரு பவர் பேங்க் போதும். அறுந்து கிடக்கும் கம்பியை, அது செத்த கம்பி என்று ஊரே சொன்னாலும், தொடாதீர்கள்.

8. சாப்பாடு

மீன் வராது, வந்தால் விலை கேட்க முடியாது. கருவாடு, பருப்பு, அப்பளம், ரவை, பால்பவுடர், ஒரு வாரத்துக்குப் போதும். கருவாட்டை மழைக்கு முன்பே வாங்கிவிடுங்கள், ஈரக்காற்றில் விற்பது பூஞ்சை பிடித்திருக்கும். இரண்டாவது சிலிண்டர் நிரம்பியிருக்கட்டும்.

9. புயல் கடக்கும் நாள்

கரையோரம், ஓலை அல்லது தகரக் கூரை வீடு என்றால் அதிகாரிகள் சொன்னதும் புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விடுங்கள். மாத்திரை, காய்ச்சல் சீட்டு, கொசுவர்த்தி, போர்வை எடுத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் கொசு அதிகம். காற்று திடீரென்று நின்றுவிட்டால் முடிந்தது என்று வெளியே வராதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம், எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். கடல் உள்வாங்கிவிட்டது என்று வேடிக்கை பார்க்க, சங்கு பொறுக்க இறங்குகிறவர்களோடு போகாதீர்கள்.

ராமேஸ்வரம் தீவுக்குள் இருப்பவர்கள் பாலத்தை நம்பித் திட்டம் போட வேண்டாம். காற்று குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ரயிலைப் பாம்பன் பாலத்தில் விடமாட்டார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்கும் இது பொருந்தும். சாலைப் பாலத்தில் பலத்த காற்றில் பைக்கில் போவது ஆபத்து. மதுரை போக வேண்டிய நோயாளி இருந்தால் முந்தைய நாளே அந்தப் பக்கம் கடந்துவிடுங்கள். தனுஷ்கோடி சாலையை மூடிவிடுவார்கள், விருந்தினரை அழைத்துக்கொண்டு அங்கே போய்க் காவலரிடம் கெஞ்ச வேண்டாம்.

10. மறுநாள்

கூட்டிப் பெருக்கும் முன் படம் எடுங்கள். உடைந்த கூரை, நனைந்த சாமான், சுவரில் தண்ணீர் நின்ற உயரம், எல்லாம் தேதியோடு இருக்கட்டும். பிறகு வெள்ளைத்தாளில் மனு எழுதி, ரேஷன் அட்டை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல்களோடு கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுங்கள். கணக்கெடுப்பு ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும், வாடகைக்கு இருப்பவர் பெயரைத் தேடி வந்து யாரும் எழுதமாட்டார்கள். கூரைக்கான உதவி வீட்டுக்காரருக்கு, உங்கள் சாமானுக்கு உண்டென்றால் அது உங்களுக்கு. இதை அவரிடம் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மனஸ்தாபம் வரும்.

செருப்பை, பைக் சீட்டுக்கு அடியை, விறகுக் குவியலைக் கம்பால் தட்டிவிட்டுக் கை வையுங்கள், பாம்பு ஏறியிருக்கும். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், நேராக அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து அங்கேதான் உறுதியாக இருக்கும்.

மழை நின்ற இரண்டாவது வாரத்திலிருந்துதான் காய்ச்சல் அதிகம் வரும், தேங்கியதில் விட்ட முட்டை கொசுவாக அவ்வளவு நாள் ஆகிறது. அந்த வியாழக்கிழமைத் தேய்ப்பைத் தை பிறந்த பிறகும் நிறுத்த வேண்டாம். 2021-இல் பொங்கல் சமயத்திலும் தென்மாவட்டங்களில் மழை கொட்டியது. மார்கழிப் பனியில் வரும் சளி, இருமல் தனிக்கணக்கு. இரண்டு வாரம் விடாத இருமல் என்றால் சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம்.